கணித மேதை எஸ். எஸ். பிள்ளை (1901 – 1950)

தமிழர் தந்த கணித மேதை என்றதும் மாணவர்கள் இராமானுஜனின் பெயரையே எழுதுவர். அவருக்குப் பின் எண் கணிதத்தில் உலகப் புகழ் பெற்ற மற்றுமொரு தமிழர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை ஆவார்.

இவர் 1901 ஏப்ரல் 5ஆம் திகதி குற்றாலத்துக்கு அண்மையிலுள்ள வல்லம் எனும் கிராமத்தில் பிறந்தார். ஒரு வயதில் தாயை இழந்தார். பாடசாலைக் கல்வி முடியுமுன் தந்தையும் காலமானார். படிப்பு அத்தோடு நின்றிருக்கும். ஆனால் சாஸ்திரியார் என்ற ஆசிரியர் தமது சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து இவரைப் படிக்க வைத்தார். பின்னர் புலமைப்பரிசில் பெற்றுத் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்றார். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். இவரது சிறந்த ஆய்வுகள் இங்குதான் நிகழ்ந்தன.

அவர் எடுத்துக்கொண்டது 1770இல் வாரிங் என்ற ஆங்கிலேயர் எழுப்பிய வினா. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். (உதாரணம்: 7 = 4 + 1 + 1 + 1) அவ்வாறாயின் ஆறாம் வலுக்கள் எத்தனை வேண்டும்? 703ஐ எடுத்துக்கொள்வோம். 3இன் ஆறாம் வலு 729, அது பெரிது. எனவே 64ஐயும் 1ஐயும் மட்டுமே பயன்படுத்தலாம். பத்து 64கள் 640. மீதி 63க்கு அறுபத்து மூன்று 1கள். மொத்தம் 73. கலைப் பட்டதாரியான எனக்கே இது விளங்கியது. நீங்களும் கொப்பியில் செய்து பாருங்கள். எந்த எண்ணுக்கும் 73இற்கு மேல் தேவைப்படாது என நிறுவுவதே கடினமான பகுதி. அதனைப் பிள்ளை 1940இல் சாதித்தார்.

பின்னர் திருவிதாங்கூரிலும் கல்கத்தாவிலும் கற்பித்தார். 1950இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் ஓராண்டு ஆய்வுக்காக இவரை அழைத்தது. ஹார்வர்டில் நடைபெற்ற சர்வதேசக் கணித மாநாட்டிலும் பங்குபற்ற இருந்தார். ஓகஸ்ட் 31இல் அவர் சென்ற விமானம் எகிப்தின் கெய்ரோ நகருக்கு அருகே வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் உயிரிழந்தனர். பிள்ளைக்கு அப்போது வயது 49. மாநாடு முதல் நாள்தான் ஆரம்பமாகியிருந்தது.

ஆறாம் வலுவை விடச் சிறிய ஐந்தாம் வலுவுக்கான விடை (37) 1964இலும், நான்காம் வலுவுக்கான விடை (19) 1986இலுமே நிறுவப்பட்டன. பின்னதை நிறுவிய மூவருள் ஒருவர் இந்தியரான ஆர். பாலசுப்பிரமணியன்.