கறுப்பு முத்து அல்-அரபி பின் முபாரக்

கால்பந்தாட்டக்காரர் ஒருவரின் சரிதையை ஜமாஅத் ஆண்டு மலரில் எழுதுவது தகுமா என்று பெரியவர்கள் சிலர் வினவக்கூடும். மாலையில் மைதானத்திலிருந்து மஃரிபுக்கு ஓடிவரும் நமது வாலிபர்களை எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம். அவர்கள் ஜிதானை அறிவார்கள். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே அதே பிரான்ஸ் அணியில் ஆடிய மொரோக்கோ நாட்டு மர்ஹூம் அல்-அரபி பின் முபாரக்கை அறியார்கள். ஐரோப்பியர் இவரை லார்பி பென் பாரக் என்றழைத்தனர். கறுப்பு முத்து என்பது அவர்கள் சூட்டிய சிறப்புப் பெயர்.

தாருல் பைளா எனப்படும் காஸாபிளாங்கா நகரில் பிறந்து, யதீமாக வளர்ந்து, தச்சு வேலை செய்து பிழைத்தவர் இவர். அப்போது மொரோக்கோ பிரான்ஸின் ஆதிக்கத்தில் இருந்தது. நடுக்களத்திலிருந்து முன்வரிசைக்குப் பந்தைக் கொண்டு செல்லும் இவரது நளினம் கண்டு 1938-ல் மார்செய் அணியினர் அழைத்துக்கொண்டனர். அவ்வாண்டு டிசம்பர் 4 அன்று இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பிரான்ஸ் அணிக்காக முதன்முதலில் களமிறங்கினார். பார்வையாளர்கள் இவரது நிறத்தைக் கூறி ஏசினர். பிரான்ஸின் தேசிய கீதத்தை உரக்கப் பாடியே அதற்கு இவர் மறுமொழி தந்தார் என்பர். தம் தாயகத்தை அடக்கி ஆண்ட நாட்டின் கீதத்தை அவர் பாட நேர்ந்ததை எண்ணி நாம் வியப்பதா, வருந்துவதா?

உலகப்போர் இவரது இளமையின் சிறந்த ஆண்டுகளை விழுங்கியது. போருக்குப்பின் பாரிஸிலும், 1948 முதல் ஸ்பெயினின் அத்லெத்திகோ மாட்ரிட் அணியிலும் ஆடினார். 1950, 1951 ஆகிய இரு ஆண்டுகளிலும் அவ்வணி தொடர்ந்து ஸ்பெயின் லீக் பட்டம் வென்றதில் இவருக்குப் பெரும் பங்குண்டு.

நம் உள்ளத்தை அதிகம் தொடுவது 1954-ஆம் ஆண்டு நிகழ்ச்சியே. செப்டம்பரில் அல்ஜீரியாவின் ஓர்லியான்வில் பகுதியை (இன்றைய ஷிலிஃப்) பூகம்பம் தாக்க, ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாதிக்கப்பட்டோருக்கு நிதி திரட்ட அக்டோபர் 7 அன்று பாரிஸில் ஓர் ஆட்டம் நடந்தது. மொரோக்கோ, அல்ஜீரியா, துனீசியா வீரர்கள் ஓரணியாய்ச் சேர்ந்து, பிரான்ஸ் அணியை 3-2 என வென்றனர். அன்று நாற்பதை நெருங்கிய பின் முபாரக் ஆடிய ஆட்டத்தைக் கண்டவர்கள் அவரை மீண்டும் பிரான்ஸ் அணிக்கு அழைத்தனர். அதே மாதம் 16 அன்று ஹனோவர் நகரில் ஜெர்மனிக்கு எதிராக இறுதியாக ஆடினார். முதல் ஆட்டத்திற்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள்! இரண்டு வாரங்கள் கழித்து அல்ஜீரிய விடுதலைப் போர் மூண்டது.

மொரோக்கோ 1956-ல் சுதந்திரம் பெற்றபின் அதன் தேசிய அணிக்கு முதல் பயிற்சியாளரானார். அதன்பின் உலகம் அவரை மெல்ல மறந்தது. 1992 செப்டம்பரில் காஸாபிளாங்காவில், தனித்து வாழ்ந்த வீட்டில் அவர் வஃபாத்தானார். உயிர் பிரிந்து சில நாட்கள் சென்ற பின்னரே பிறர் அறிந்தனர். பல்லாயிரவர் ஆரவாரித்த மனிதரின் கதவை அந்நாட்களில் தட்ட ஒருவரும் இல்லை. அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி மிம்பரில் பலமுறை பேசியிருக்கிறோம். இச்செய்தியைப் படித்த அன்று நமது மஹல்லாவில் தனித்து வாழும் முதியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம். உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை.

1998-ல் ஃபிஃபா நிறுவனம் அவருக்கு உயரிய விருதளித்துக் கௌரவித்தது. காஸாபிளாங்காவில் ஒரு விளையாட்டரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அல்லாஹ் அன்னாருக்கு மஃபிரத் செய்வானாக, ஆமீன்.