மணலூர் மணியம்மை

உழவர் என்ற சொல்லைக் கேட்டவுடன் ஏர் பிடித்து நிற்கும் ஆணின் உருவமே நம் மனக்கண்ணில் எழுகின்றது. ஏர் ஓடி முடிந்த பின்னர் அந்நிலத்தில் நிகழும் பணிகளுள் பெரும்பகுதி பெண்களுடையது என்பதை எளிதில் மறந்துவிடுகின்றோம். தருமபுரி மாவட்டத்தின் மானாவாரிக் கொல்லைகளில் கேழ்வரகுக்கும் சாமைக்கும் குனிந்து களையெடுப்போர் பெண்களே. காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் நாற்றுப் பறித்து, நட்டு, களை பறித்து, கதிர் அறுத்தோரும் பெண்களே. புன்செயாயினும் நன்செயாயினும் அவர்களது உழைப்பு உழைப்பாகக் கணக்கில் ஏறாமல் போனதே நம் வேளாண் வரலாறு. அக்கணக்கைத் திருத்த முனைந்த தொடக்ககாலப் போராளிகளுள் தலையாயவர், தஞ்சை மண்ணில் தோன்றிய மணலூர் மணியம்மை ஆவார்.

திருவாரூரை அடுத்த மணலூர் என்னும் சிற்றூரில், நிலவுடைமை மிக்க அந்தணர் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர் அம்மையார். அக்கால வழக்கப்படி இளம் வயதிலேயே திருமணம் முடிந்தது. இளமையிலேயே கைம்மையும் வந்து சேர்ந்தது. கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வாழ்க்கை எத்தகையது என்பதை அந்நாளைய அக்கிரகாரங்களை அறிந்தோர் அறிவர். மழித்த தலை, ரவிக்கையற்ற உடல், ஒற்றைப் புடவை, வீட்டின் பின்கட்டு என அவ்வாழ்வின் எல்லைகள் வகுக்கப்பட்டிருந்தன. அந்த எல்லைக்குள் அவர் அடங்கவில்லை.

காந்தியடிகளின் இயக்கம் அவரை முதலில் வெளியே அழைத்து வந்தது. கதர் உடுத்தினார், காங்கிரசுப் பணிகளில் ஈடுபட்டார். அந்தப் பணி அவரைச் சேரிக்கு இட்டுச் சென்றது. தம் குடும்பப் பண்ணையில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மக்களை அங்கேதான் அவர் அண்மையில் கண்டார். சேரிக் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கத் தொடங்கியதும் சுற்றத்தார் முகம் சுளித்தனர். அவரோ பின்வாங்கவில்லை.

அன்றைய பண்ணையாள் முறையின் தன்மையை இங்கே சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மிராசுதாரிடம் பண்ணையாளாகச் சேர்வது கணவன். ஆனால் அவனோடு மனைவியின் உழைப்பும் பிள்ளைகளின் உழைப்பும் சேர்ந்தே அந்தப் பண்ணைக்கு உரியவையாகிவிடும். விடியும் முன்பே பெண்கள் வயலில் இறங்க வேண்டும். கைக்குழந்தை வரப்போரத்து மரக்கிளையில் தூளியில் கிடக்கும். நாள் முழுவதும் சேற்றில் நின்றாலும், பெண்ணுக்கு அளக்கப்படும் கூலி நெல் ஆணுக்கு அளப்பதினும் குறைவு. தவறு செய்தவர் என்று கருதப்பட்டோருக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனைகள். முழங்காலுக்குக் கீழே சேலை தாழ்வதும் குற்றமாகக் கருதப்பட்டது. அக்கிரகாரத்துக் கைம்பெண்ணுக்கும் ரவிக்கை இல்லை. சேரியின் உழவுப் பெண்ணுக்கும் ரவிக்கை இல்லை. இருவர் உடம்பின் மீதும் அவர்கள் அல்லாத பிறர் ஆணை செலுத்தினர். இவ்வொற்றுமையைத் தம் வாழ்வால் உணர்ந்தவர் மணியம்மை.

அவர் மேற்கொண்ட உடை மாற்றத்தை இந்தப் பின்னணியில் வைத்தே காண வேண்டும். தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டார். வேட்டி கட்டி, அரைக்கைச் சட்டை அணிந்து, தோளில் துண்டு இட்டுக்கொண்டார். சிலம்பம் பயின்றார். விந்தை விரும்பிச் செய்த செயல் அன்று அது. கைம்மைக் கோலத்தை அவர் மீது சுமத்திய வழக்கத்துக்கு அளித்த விடையாகவும், இரவிலும் பகலிலும் வரப்பு வழியே தனித்து நடந்து ஊர் ஊராகச் செல்வதற்கு உரிய காப்பாகவும் அவ்வுடை அமைந்தது.

காங்கிரசு இயக்கத்துள் நிலவுடைமையாளரின் செல்வாக்கு ஓங்கியிருந்ததைக் கண்ட அவர், பொதுவுடைமை இயக்கத்தை நாடினார். 1943இல் மன்னார்குடிப் பகுதியின் தென்பரையில் பி. சீனிவாசராவ் முன்னின்று விவசாயிகள் சங்கத்தை ஊன்றினார். அது கீழ்த்தஞ்சை எங்கும் பரவிய காலத்தில் அம்மையாரும் அதன் ஊழியர்களுள் ஒருவராக உழைத்தார். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்படிக்கை சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டியது. நில உடைமைக் குடும்பத்தில் பிறந்த பெண்ணொருத்தி சேரித் திண்ணையில் அமர்ந்து பேசியதும், அவர்கள் வீட்டுக் கஞ்சியைப் பகிர்ந்து உண்டதும், சங்கத்தின் சொல்லைப் பெண்களிடம் கொண்டு சேர்த்தன. நடவையும் அறுவடையையும் பெண்கள் நிறுத்தினாலன்றி எந்தக் கூலிப் போராட்டமும் வெல்லாது என்பது வயலறிந்தோர் அறிந்த உண்மை.

இதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. உறவினர் விலகினர், சொத்தின் பயன் கைவிட்டுப் போனது. வழக்குகளும் சிறை வாழ்வும் தொடர்ந்தன. 1948ஐ ஒட்டிய அடக்குமுறைக் காலம் சங்கத்தையே சிதைத்தது. எனினும் 1952இல் இராசாசி அரசு தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைப் பிறப்பித்தது. பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்றும் உரிமைக்கு அது தடையிட்டது. அம்மையார் தம் வாழ்நாளில் கண்ட வெற்றி அது.

அதன் பின் அவர் நெடுநாள் வாழவில்லை. 1953இல் பூந்தாழங்குடிக்குச் சென்றிருந்தபோது, அங்கு வளர்க்கப்பட்டு வந்த கொம்புமான் ஒன்று முட்டியதால் உயிர் துறந்தார். சிறையும் மிராசுதார்களின் பகையும் வீழ்த்த இயலாத உயிர் அவ்வாறு முடிந்தது. பல ஆண்டுகள் அவர் பெயர் கீழ்த்தஞ்சை முதியோரின் நினைவில் மட்டுமே வாழ்ந்தது. எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் அப்பகுதியில் அலைந்து, அவரை அறிந்தோரிடம் கேட்டறிந்து எழுதிய ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்னும் நூல் 1991இல் வெளிவந்த பின்னரே தமிழுலகம் அவரை அறிந்தது.

அவர் தொடங்கிய பணி அவரோடு முடியவில்லை. 1968 திசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டபோது, மாண்டோருள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்னும் சட்டம் 1976இல் வந்தது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழகத்தின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் முதலில் வேர் கொண்டது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். கந்துவட்டிக்காரரின் வாசலில் நின்ற பெண்கள் வட்டமாக அமர்ந்து தம் சேமிப்பைத் தாமே எண்ணத் தொடங்கினர். இந்த மாற்றங்களுக்கும் அம்மையாரின் போராட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று கூற இயலாது. ஆயினும், உழைக்கும் பெண் தன் கணவனின் பண்ணைக் கணக்கில் எழுதப்படும் உருப்படி அல்லள், தனக்கெனக் கூலியும் குரலும் உடையவள் என்னும் எண்ணம் தமிழ் மண்ணில் ஊன்றப்பட்ட காலத்தில், அதை ஊன்றிய கைகளுள் மணியம்மையின் கையும் ஒன்று. களையெடுக்கும் பெண்ணுக்கு நிலப் பட்டாவில் இன்றும் பெரும்பாலும் பெயர் இல்லை. அந்தக் குறை நீங்கும் நாளே அம்மையாருக்கு உரிய நினைவு நாளாகும்.