தயான் சந்த்: அளக்க முடியாத ஆட்டம்

எந்த விளையாட்டை எடுத்துக்கொண்டாலும் ஒரு கேள்வி தவறாமல் எழும். எல்லாக் காலத்திற்கும் சிறந்த ஆட்டக்காரர் யார் என்பதே அக்கேள்வி. கெடாவின் தோட்டத்துத் திடல்களிலும் சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் நகரங்களின் உணவுக்கடைகளிலும் காற்பந்தைப் பற்றிப் பேச்சு வந்தால், மொக்தார் டஹாரியா, சோ சின் ஆனா, ஆர். ஆறுமுகமா என்று வாதம் சூடுபிடிக்கும். பனித்தரையில் ஹாக்கி ஆடும் கனடாவில் கோர்டி ஹோவா, பாபி ஓரா, வெய்ன் கிரெட்ஸ்கியா என்று அதே வாதம் நடக்கும். புல்தரை ஹாக்கியில் இக்கேள்வி எழுந்தால் பலர் முதலில் சொல்லும் பெயர் தயான் சந்த்.

தயான் சந்த் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் இந்தியாவின் அலகாபாத் நகரில் பிறந்தார். அவருடைய இயற்பெயர் தயான் சிங். தந்தை பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் பணியாற்றியவர். பணி மாற்றங்களால் குடும்பம் ஊர் ஊராக மாறிச் சென்று, இறுதியில் ஜான்சி நகரில் குடியேறியது. இதனால் தயான் சந்தின் பள்ளிப்படிப்பு ஆறு ஆண்டுகளோடு நின்றுபோனது. சிறுவயதில் அவருக்கு மற்போர்தான் பிடிக்கும். ஹாக்கியில் பெரிய நாட்டம் இருந்ததில்லை.

1922இல், பதினாறு வயது முடிந்த நிலையில், அவர் சாதாரணச் சிப்பாயாக இராணுவத்தில் சேர்ந்தார். அங்கேதான் ஹாக்கி மட்டை அவர் கைக்கு வந்தது. பாலே திவாரி என்னும் இராணுவ அதிகாரி அவருக்கு ஆட்டத்தின் நுணுக்கங்களைக் கற்றுக்கொடுத்தார். பகலில் பணி இருந்ததால் பயிற்சிக்கு இரவுதான் கிடைத்தது. திடலில் விளக்கு இல்லை. நிலவு எழும்வரை காத்திருந்து, அந்த ஒளியில் அவர் பந்தை உருட்டிப் பழகினார் என்பர். சந்த் என்றால் நிலா. நண்பர்கள் சூட்டிய அந்தப் பெயரே பின்னாளில் உலகம் அறிந்த பெயராயிற்று.

அதே 1920களில் கெடாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தனர். அவர்கள் விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்மரக் காட்டில் உழைத்து, பொழுது சாயும் வேளையில் கிடைத்த சிறிது நேரத்தில்தான் திடலுக்குச் செல்ல முடிந்தது. உழைப்பு முடிந்த பிறகு மிஞ்சும் நேரத்தில் விளையாடுவது எப்படி என்பதை அவர்களைப் போலவே சிப்பாய் தயான் சந்தும் அறிந்திருந்தார்.

1926இல் இந்திய இராணுவக் குழு நியூசிலாந்துக்குப் பயணம் சென்றது. அக்குழுவில் தயான் சந்த் இடம்பெற்றார். மொத்தம் 21 ஆட்டங்களில் 18இல் இந்தியக் குழு வென்றது. ஒன்றில் மட்டுமே தோற்றது. நாடு திரும்பியதும் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

1928இல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. இந்தியக் குழு ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் அடித்தது. எதிரணிகளால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. தயான் சந்த் மட்டும் 14 கோல்கள் அடித்தார். இறுதியாட்டத்தில் நெதர்லாந்தை 3–0 என்று வென்று, இந்தியா தன் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றது.

1932இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் தங்கம் கிடைத்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் பல நாடுகள் அங்குச் செல்லவில்லை. ஹாக்கியில் மூன்று குழுக்களே ஆடின. இந்தியா ஜப்பானை 11–1 என்றும் அமெரிக்காவை 24–1 என்றும் வென்றது. அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் தயான் சந்தின் தம்பி ரூப் சிங் பத்துக் கோல்களும் தயான் சந்த் எட்டுக் கோல்களும் அடித்தனர்.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்கு அவர் குழுத் தலைவராகச் சென்றார். தொடக்கமே சறுக்கியது. போட்டிக்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி இந்தியாவை 4–1 என்று தோற்கடித்தது. தோல்வியின் காரணத்தை ஆராய்ந்த குழு, இந்தியாவிலிருந்து அலி தாரா என்ற ஆட்டக்காரரை அவசரமாக வரவழைத்தது. போட்டி தொடங்கிய பின் இந்தியா வழக்கம்போல் வென்றது. இறுதியாட்டத்தில் மீண்டும் அதே ஜெர்மனி எதிரே நின்றது.

மழையால் ஒரு நாள் தள்ளிப்போன அந்த ஆட்டம் ஆகஸ்டு 15ஆம் நாள் நடந்தது. திடலுக்குள் நுழையும் முன், உதவி மேலாளர் பங்கஜ் குப்தா இந்திய தேசிய காங்கிரசின் மூவண்ணக் கொடியை விரித்தார். வீரர்கள் அதற்கு வணக்கம் செலுத்தினர். அரசுப்படி அவர்கள் பிரிட்டிஷ் இந்தியக் கொடியின்கீழ் ஆடியவர்கள். தயான் சந்தோ பிரிட்டிஷ் இராணுவத்தில் சம்பளம் வாங்கியவர். அந்த வணக்கம் அவருடைய வேலைக்கே ஆபத்தாக முடிந்திருக்கலாம். இருந்தும் அவர் தயங்கவில்லை. முதற்பாதியில் ஒரே ஒரு கோல்தான் விழுந்தது. ஈரத் தரையில் கால் வழுக்கியதால், பிற்பாதியில் தயான் சந்த் ஆணி பதித்த காலணிகளைக் கழற்றிவிட்டு ஆடினார். ஆட்டம் 8–1 என்று முடிந்தது. பதினொரு ஆண்டுகள் கழித்து, அதே ஆகஸ்டு 15 இந்தியாவின் விடுதலை நாளானது.

அதன்பின் இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940, 1944 ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளும் நடைபெறவில்லை. தயான் சந்தின் ஒலிம்பிக் வாழ்க்கை மூன்று தங்கங்களோடு நின்றது. 1956இல் மேஜர் பதவியுடன் அவர் இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

அவரோடு ஒப்பிடத் தகுந்தவர் யார்? பல்பீர் சிங் என்று பலர் கூறுவர். 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் அவரும் மூன்று தங்கங்கள் வென்றவர். 1952 இறுதியாட்டத்தில் இந்தியா அடித்த ஆறு கோல்களில் ஐந்து அவருடையவை. 1956இல் விரல் எலும்பு முறிந்த நிலையிலும் குழுத் தலைவராக இறுதியாட்டம் ஆடி, பாகிஸ்தானை 1–0 என்று வென்றார். மேலும், 1948இல் அவர் ஆடியது விடுதலை பெற்ற நாட்டுக்காக. முன்பு ஆண்ட பிரிட்டனை அதன் தலைநகரான இலண்டனிலேயே 4–0 என்று வீழ்த்திய குழுவில் அவர் இருந்தார்.

தங்கங்களை எண்ணினால் இருவரும் சமம். கோல்களை எண்ணினால் தயான் சந்த் முந்துவார். ஆனால், 1932இல் போட்டியிட்ட குழுக்கள் மூன்றுதான். பல்பீர் சிங்கின் காலத்தில் போட்டி கடுமையாகியிருந்தது. மறுபுறம், போர் வராமல் இருந்திருந்தால் தயான் சந்த் நான்காவது தங்கமும் வென்றிருக்கலாம். இன்றைய வீரர்களோடு ஒப்பிடுவது இன்னும் கடினம். 1976 மொன்றியால் ஒலிம்பிக்கிலிருந்து ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது. பந்தின் வேகமும் மட்டையின் அமைப்பும் விதிகளும் மாறிவிட்டன. அன்றைய கோல் கணக்கும் எல்லா நூல்களிலும் ஒன்றுபோல் இல்லை.

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் இன்னொரு சிக்கலும் உண்டு. 1932 ஒலிம்பிக்கில் ரூப் சிங் அடித்தவை 13 கோல்கள். தயான் சந்த் அடித்தவை 12. அப்படியானால் அண்ணனைவிடத் தம்பி சிறந்தவரா? நடு முன்னாட்டக்காரரான தயான் சந்த், கோல் கம்பத்தை நோக்கித் தானே ஓடியதோடு நிற்கவில்லை. பக்கத்தில் யார் வசதியாக நிற்கிறார் என்று பார்த்து, அவர் மட்டைக்கு நேராகப் பந்தைத் தள்ளிவிடுவதில் வல்லவர். அப்படிக் கொடுத்த பந்துகள் பிறர் பெயரில் கோல்களாக எழுதப்பட்டன. அவருடைய ஆட்டத்தில் பாதி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இந்த வரலாற்றில் மலேசியாவுக்கும் ஓர் இடம் உண்டு. 1975இல் மூன்றாவது உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. அரையிறுதியில் மலேசியா இந்தியாவுக்கு எதிராக 2–1 என்று முன்னிலை வகித்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் இந்தியா சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் 3–2 என்று மலேசியா தோற்றது. நான்காம் இடத்தோடு போட்டியை முடித்தாலும், உலகக் கிண்ண ஹாக்கியில் அதுவே நம் நாட்டின் ஆகச் சிறந்த அடைவு. மார்ச் 15ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2–1 என்று வென்றது. வெற்றிக் கோலை அடித்தவர் அசோக் குமார். அவர் தயான் சந்தின் மகன். அக்குழுவைப் பயிற்றுவித்து அழைத்து வந்த மேலாளர் பல்பீர் சிங். யார் பெரியவர் என்று உலகம் ஒப்பிட்ட இருவரில், ஒருவருடைய மகன் மற்றவருடைய பயிற்சியில் உலகக் கிண்ணம் வென்றார்.

தயான் சந்தின் இறுதிக் காலம் எளிதாக இல்லை. பயிற்றுநராகச் சில ஆண்டுகள் பணியாற்றிய பின் ஜான்சிக்குத் திரும்பிய அவர், பணமுடையிலும் நோயிலும் வாடினார். கல்லீரல் புற்றுநோயால் தில்லி மருத்துவமனையில் பொதுப்பிரிவில் சேர்க்கப்பட்ட அவர், 1979 டிசம்பர் 3ஆம் நாள் காலமானார். அவர் ஆடிப் பழகிய ஜான்சித் திடலிலேயே இறுதிச் சடங்கு நடந்தது.

பெருமைகள் பின்னரே குவிந்தன. அவர் பிறந்த நாள் இந்தியாவின் தேசிய விளையாட்டு நாளாயிற்று. தில்லியின் தேசிய அரங்கம் அவர் பெயரைப் பெற்றது. 2021இல் அந்நாட்டின் மிக உயரிய விளையாட்டு விருதுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. ஒரு வீரரின் ஆட்டத்தை அளப்பது கடினம்தான். ஆனால், அவர் உயிரோடு இருக்கும்போது அவரை எப்படி நடத்தினோம் என்பதை அளப்பது அவ்வளவு கடினம் அன்று.