மணல் அடைத்த ஸ்பீக்கர்



மலருக்கு வாழ்க்கை வரலாறு கேட்டால் எடிசன், மார்க்கோனி, சர் சி.வி. ராமன் என்று நிறைய வரும். அவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. நான் எழுதுவது கில்பர்ட் பிரிக்ஸ் பற்றி. யாருப்பா அது என்று கேட்காதீர்கள். வீட்டில் பாட்டுக் கேட்கும் ஹை-ஃபை ஸ்பீக்கர் உலகத்தில் ஒரு காலத்தில் அவர் பெயர் தெரியாதவர் கிடையாது. வார்ஃப்டேல் கம்பெனியைத் தொடங்கியவர் அவர்தான். பழைய ஸ்பீக்கரைத் தேடி வாங்கி ரூமில் வைத்து, "என்னடா இது, கடையில் கேட்ட மாதிரி இல்லையே" என்று தலையைச் சொறிகிற நம்மைப் போன்றவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டும்.

1890-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், பிராட்ஃபோர்டு நகரை ஒட்டிய கிளேட்டன் என்ற ஊரில் பிறந்தார். பிராட்ஃபோர்டு கம்பளி நெசவுக்குப் பேர் போன ஊர். நம்ம ஈரோடு, கரூர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சின்ன வயதிலேயே தந்தையை இழந்தார். ஹாலிஃபாக்ஸில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தார். படிப்பு முடிந்ததும் துணி ஏற்றுமதி வியாபாரத்தில் வேலை. கல்லூரி வாசலை மிதித்தவரில்லை. மின்னியலை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. நாற்பது வயது வரைக்கும் துணிதான் வாழ்க்கை!

ஆனால் பியானோ என்றால் உயிர். ரேடியோ வந்த புதிதில் அதில் வந்த பியானோ சத்தம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. வீட்டில் இருக்கிற பியானோ ஒரு மாதிரி, ஸ்பீக்கரில் வருகிற பியானோ வேறு மாதிரி. ஏன் இப்படி என்று நோண்ட ஆரம்பித்தவர்தான். 1930-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம், துணி வியாபாரம் படுத்துவிட்டது. 1932-இல் இல்க்லி என்ற ஊரில் தன் வீட்டு நிலவறையில் முதல் ஸ்பீக்கரைச் செய்தார். கம்பிச் சுருள் வேலையில் மனைவியும் கூட உட்கார்ந்தார். வார்ஃப் என்கிற ஆறு ஓடும் பள்ளத்தாக்கு அது, அதனால் கம்பெனிக்கு வார்ஃப்டேல் என்று பெயர். அடுத்த வருடமே, 1933-இல், பிராட்ஃபோர்டு ரேடியோ சங்கம் நடத்திய போட்டியில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு இரண்டுமே அவருடைய ஸ்பீக்கர்களுக்கு. துணிக்காரர் ஸ்பீக்கர்காரர் ஆனார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அவரிடம் கணக்கு இல்லை, காது இருந்தது. காது சொல்வதை முதலில் நம்பினார். காரணத்தைப் பிறகு தேடினார், தெரிந்தவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார்.

அப்படிக் கேட்டுக் கண்டுபிடித்ததில் முக்கியமானது பெட்டி விஷயம். ஸ்பீக்கரின் கோன் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் அதே அளவு இழுக்கிறது. இரண்டும் நேர் எதிர். ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் பேஸ் காணாமல் போய்விடும். அதைத் தடுக்கத்தான் பெட்டி. ஆனால் பெட்டியின் பலகையும் சும்மா இருக்காது, கூடவே அதிரும். அதிர்ந்தால் தன் சத்தத்தையும் கலந்துவிடும். பாடகர் பாடுவார், பின்னால் பலகையும் பாடும்! இதற்கு பிரிக்ஸ் பயன்படுத்திய மருந்து மணல். இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவில் இடைவெளி விட்டு, அதில் காய்ந்த மணலை நிரப்பினார். அதிர்வு வந்ததும் மணல் துகள்கள் ஒன்றோடு ஒன்று உரசி, அந்த சக்தியைச் சூடாக்கித் தின்றுவிடும். பலகை வாயை மூடிக்கொள்ளும். அறை மூலையில் செங்கல் கட்டி அதையே பெட்டியாக்கும் வழியையும் சொன்னார். செலவு என்ன பெரிய செலவு, மணலும் செங்கலும்தானே! 1956-இல் வந்த எஸ்.எஃப்.பி./3 என்ற மாடலில் பெட்டியே கிடையாது. மணல் அடைத்த பலகை ஒன்று, அதில் 12 அங்குலம், 10 அங்குலம், 3 அங்குலம் என்று மூன்று ஸ்பீக்கர்கள். சின்னது மட்டும் கூரையைப் பார்த்து இருக்கும். உயர்ந்த ஸ்வரங்கள் முகத்தில் அறையாமல் அறை முழுக்கப் பரவட்டும் என்றுதான் அப்படி.

மூலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இது நம் ரூமுக்கு உதவும். ஸ்பீக்கரை நடு அறையில் வைத்தால் பேஸ் எல்லாப் பக்கமும் சிதறும். சுவர் ஓரம் வைத்தால் கூடும். இரண்டு சுவரும் தரையும் சேரும் மூலையில் வைத்தால் இன்னும் கூடும். பிரிக்ஸ் மூலைக்கென்றே பெட்டிகள் செய்தார். ஆனால் நாம் வாடகைக்கு இருக்கும் பத்துக்குப் பத்து ஃபிளாட் அறையில் எல்லா ஸ்பீக்கரையும் மூலையில் தள்ள முடியாது. ரேடியோ செய்தியைப் போட்டுக் கேளுங்கள். ஆண் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தால் மூலையை விட்டு அரை அடி அரை அடியாக வெளியே இழுங்கள். குரல் மனுஷக் குரலாக மாறும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மீட்டர் எதுவும் வேண்டாம்.

பழசு வாங்கும்போது இன்னொன்று. கோனின் நடுவைச் சுற்றி இரண்டு கை விரல்களாலும் சமமாக, மெல்ல உள்ளே அமுக்குங்கள். கரகர என்று உரசினால் வாய்ஸ் காயில் போச்சு, வாங்காதீர்கள். ஓரத்து ஃபோம் பொடிப் பொடியாக உதிர்ந்தாலும் யோசியுங்கள். வீட்டுக்கு வந்ததும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். எந்த முனையில் பாசிட்டிவ் பட்டால் பெரிய கோன் முன்னால் வருகிறதோ அதுதான் பாசிட்டிவ். இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி இணைக்கப்படாவிட்டால் பேஸ் இருக்காது. அறையைக் குறை சொல்லிப் பயனில்லை.

பிரிக்ஸின் பெயர் ஊர் தாண்டிப் போனது புத்தகங்களால்தான். 1948-இல் ஒலிபெருக்கி பற்றி எழுதிய முதல் புத்தகம், அடுத்த வருடம் இன்னொன்று, பிறகு பியானோ பற்றி, பெட்டி செய்வது பற்றி என்று வரிசையாக. ஸ்பீக்கரை மட்டும் வாங்கிப் பெட்டியைத் தானே அறுத்துச் செய்கிற சாதாரண ஆட்களுக்காக எழுதினார், நடுநடுவே வேடிக்கையும் பேசினார். 1954 நவம்பரில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், ஏறக்குறைய 3000 பேர் உட்காரும் அரங்கில், மேடையில் கலைஞர்களை வாசிக்க வைத்து, அதோடு ஒலிப்பதிவையும் போட்டுக் காட்டினார். ஒப்பிட்டுப் பாருங்கள் என்று ஜனங்களையே நீதிபதியாக்கிவிட்டார். ஆம்ப்ளிஃபயர் பொறுப்பு குவாட் புகழ் பீட்டர் வாக்கருடையது. அடுத்த வருடம் நியூயார்க் கார்னகி ஹாலிலும் நடத்தினார். துணிச்சல்தான்! தோற்றால் கம்பெனி பெயர் என்ன ஆகும்?

1958-இல் கம்பெனியை ரேங்க் நிறுவனத்துக்கு விற்றார். அதன் பிறகும் சில வருடம் அங்கேயே இருந்து, பிறகு ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகு, 1967-இல், அவர் புத்தகம் எழுதியது காதைப் பற்றி. வயதாக ஆக உயர்ந்த ஸ்வரங்கள் முதலில் மங்கும். இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு வயதுக்கு முன்னாலேயே, 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முதலில் பள்ளம் விழும். இதைப் படித்தபோது எனக்கு எங்கப்பா ஞாபகம்தான் வந்தது. அவர் இருபது வருடத்துக்கு மேலாக விசைத்தறி ஓட்டுகிறார். வீட்டில் செல்போன் மணி அடித்தால் அவருக்குக் கேட்பதில்லை. அம்மா கூப்பிட்டால் ஒருமுறைக்கு இருமுறை "என்ன?" என்பார். வேண்டுமென்றே செய்கிறார் என்று அம்மாவுக்குக் கோபம். போன பொங்கல் லீவில் இருவரையும் உட்கார வைத்து, 4000 ஹெர்ட்ஸ் என்றால் என்ன என்று நோட்டில் கோடு போட்டு விளக்கினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நான் வாங்கி வந்த காதடைப்பானை அவரே அப்பாவின் சட்டைப் பையில் வைத்து அனுப்பினார். சில நாள் போடுகிறார், சில நாள் மறந்துவிடுகிறார். தறிக்குடோனில் மற்றவர்கள் சிரிக்கிறார்களாம்.

பிரிக்ஸ் 1978-இல் காலமானார். வார்ஃப்டேல் என்ற பெயரில் இன்றும் ஸ்பீக்கர்கள் வருகின்றன, கைதான் மாறிவிட்டது. அவர் காலத்து மணல் பலகைகளை அந்நாட்டில் பழசு தேடுகிறவர்கள் இப்போதும் வாங்கத்தான் செய்கிறார்கள். எப்போதாவது உங்களுக்கு ஒன்று மாட்டினால், தூக்க இரண்டு ஆளைக் கூட்டிப் போங்கள். தூக்குவதற்கு முன்னால் கீழே மணல் கொட்டியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

— மின்னணுவியல் துறை, இரண்டாம் ஆண்டு