தனிநாயக அடிகள்

பாடியிலிருந்து சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் நம்மவர், ஆங்கு வரிசையாய் நிற்கும் சிலைகளைக் கண்டிருப்பர். 1968-இல் நிகழ்ந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அவை நிறுவப்பெற்றன. போப்பும் கால்டுவெல்லும் வீரமாமுனிவரும் அவ்வரிசையில் உளர். அம்மாநாடுகளுக்கே வித்திட்ட பெருந்தகையை நம்முள் அறிந்தோர் சிலரே.

சேவியர் தனிநாயக அடிகள் 1913-இல் ஈழநாட்டுக் கரம்பொன்னில் தோன்றினார். உரோமை நகரில் இறைநூல் கற்றுக் கத்தோலிக்கக் குருவானார். தமிழை முறையாய்க் கற்றதோ அதன் பின்னர்தான். முப்பது வயது கடந்தபின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இளைஞரோடு மாணவராய் அமர்ந்தார்! 1952-இல் அவர் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில இதழ், தனித்தனியே தமிழாய்ந்த பிறநாட்டறிஞர் ஒருவரையொருவர் அறியக் களமாயிற்று. 1679-இல் அச்சான தமிழ்–போர்ச்சுகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்திற் கண்டு மறுபதிப்பித்தார்.

1964-இல் புதுதில்லியில் கீழ்த்திசைக் கலைஞர் கூடிய சமயம், உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற அவரே முன்னின்றார். முதல் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் நடந்தது. மாநாடென்றால் நமக்கு நினைவு வருவன ஊர்வலமும் தோரணமுமே. அடிகள் விரும்பியது அறிஞர் கூடி ஆராய்தலை.

அவர் நம் குலத்தாருமல்லர், சமயத்தாருமல்லர் என்பாருளர். போப்பையரும் அத்தகையரே! 1980-இல் மறைந்த அடிகளின் படம் நம் சங்கப் படிப்பகத்தில் இவ்வாண்டே இடம்பெற வேண்டுமென விழைகின்றோம்.