நடுவில் நின்ற கவிஞர்

மழை! பெருமழை! வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. எங்கும் கும்மிருட்டு.

திருக்கோவலூரில் ஒரு வீட்டின் இடைகழி. இடைகழி என்றால் தெருவாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே உள்ள குறுகிய வழி. அங்கே காஞ்சீபுரத்துப் பொய்கையாழ்வார் ஒதுங்கிப் படுத்திருந்தார். சற்று நேரத்தில் இன்னொருவர் நனைந்தபடி வந்தார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் உட்காரலாம் அல்லவா? பொய்கையார் எழுந்து இடம் கொடுத்தார். பிறகு மயிலாப்பூர் பேயாழ்வார் வந்து சேர்ந்தார். இப்போது உட்காரவும் இடம் இல்லை. மூவரும் நின்றார்கள்.

அந்த நெருக்கத்தில் நான்காவதாக ஒருவர் புகுந்து நெருக்குவதுபோல் இருந்தது. யார் என்று பார்க்க விளக்கு இல்லை. அதனால் பாட்டிலேயே விளக்கு ஏற்றினார்கள்! வைணவப் பெரியோர் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு இது.

இரண்டாவதாக வந்தாரே, அவர்தான் பூதத்தாழ்வார். பூதம் என்றதும் குழந்தைகள் பயப்பட வேண்டாம். கடவுள் அன்பினால் நிலைபெற்றவர் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள்.

கடல்மல்லைக்காரர்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே போனால் கடற்கரையில் மாமல்லபுரம். கடல்மல்லை என்பது அதன் பழைய பெயர். அங்கே குருக்கத்திப் பூவில் பூதத்தார் தோன்றினார் என்பார்கள். ஐப்பசித் திருவோணத்தில் பொய்கையார், மறுநாள் அவிட்டத்தில் இவர், அதற்கும் மறுநாள் சதயத்தில் பேயார். பிறப்பிலும் நடு!

தம் பாட்டு ஒன்றில் ஊரை மாமல்லை என்று குறிப்பிடுகிறார். மாமல்லன் என்பது 630 முதல் 668 வரை ஆண்ட நரசிம்மவர்ம பல்லவனின் பட்டப்பெயர். அதை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர் சிலர் அவர் காலத்தைக் கணக்கிடுகிறார்கள்.

ஏழைக்கும் ஒரு விளக்கு

பஜனை கோஷ்டியில் பாட்டை எடுத்துக் கொடுப்பவரை ஊருக்கே தெரியும். முடித்து வைப்பவருக்கும் பாராட்டு உண்டு. நடுவில் பாடுகிறவரை யார் கவனிக்கிறார்கள்? இங்கும் அதே கதைதான். முதல் ஆழ்வார் என்றால் பொய்கையார் நினைவுக்கு வருகிறார். இறைவனைக் கண்டவர் என்றால் பேயார்.

பொய்கையார் ஏற்றியது பெரிய விளக்கு. பூமிதான் அகல், கடல்தான் நெய், சூரியன்தான் சுடர். வேடிக்கை என்னவென்றால், கடலைப் பாடியவர் காஞ்சிக்காரர். கடலோரத்தில் பிறந்த பூதத்தார் கடலைத் தொடவே இல்லை. அவர் தம் நெஞ்சுக்குள் பார்த்தார். அன்பை அகலாக்கினார். ஆர்வத்தை நெய்யாக வார்த்தார். உருகும் மனத்தைத் திரியாக இட்டார். அந்த விளக்கை ஏற்ற உலகம் முழுவதும் வேண்டாம். அகல் வாங்கக் காசு இல்லாதவனும் ஏற்றலாம்.

இரண்டு விளக்குகளும் எரிந்த பிறகுதான் பேயார் திருமாலைக் கண்டு பாடினார்.

மூவரும் ஆளுக்கு நூறு வெண்பா பாடினார்கள். பூதத்தார் பாடியது இரண்டாம் திருவந்தாதி. பிற்காலத்தில் நாதமுனிகள் திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்தபோது அதுவும் அதில் சேர்ந்தது. அடக்கமான பக்தர்தான். ஆனாலும் தமிழ் என்று வந்தால் அவருக்குப் பெருமை பொங்கும். தாம் பெரிய தமிழன் என்று பாட்டிலேயே சொல்லிக்கொள்கிறார்!

மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்க வரும் கூட்டத்துக்குக் குறைவில்லை. அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு அருகிலேயே தலசயனப் பெருமாள் கோயில். பாம்புப் படுக்கை இல்லாமல் வெறுந்தரையில் பள்ளிகொண்டிருக்கிறார் பெருமாள். பூதத்தாழ்வாருக்கும் அங்கே சந்நிதி உண்டு. ஐப்பசி அவிட்டத்தில் அவருக்கு விழா.