கடலடி வண்டலும் கார்சன் அம்மையாரும்

கடலில் எறிந்தது மறைந்தொழியும் என்று மக்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் தவறென உணர்த்தியோருள் தலைசிறந்தவர் ரேச்சல் கார்சன் அம்மையார்.

அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலிகேனி ஆற்றங்கரையிலுள்ள ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில், 1907ஆம் ஆண்டு மே திங்கள் 27ஆம் நாள் இவர் பிறந்தார். அவ்வூருக்குக் கடல் மிகத் தொலைவு. நூல்களின் வாயிலாகவே கடலை அறிந்திருந்த அவர், 1929ஆம் ஆண்டு வுட்ஸ் ஹோல் ஆய்வகத்திற்குச் சென்றபோதுதான் அதனை முதன்முதலாகக் கண்டார். 1932இல் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1935இல் தந்தையார் மறைந்தார். குடும்பச் சுமை இவர் தோள்மேல் வீழ்ந்தது. அடுத்த ஆண்டில் அரசின் மீன்வளத் துறையில் பணி ஏற்றார். 1937இல் தமக்கையாரும் இறக்கவே, அவருடைய பெண்மக்கள் இருவரையும் அன்னையாருடன் சேர்ந்து வளர்த்தார்.

1951இல் வெளிவந்த 'நம்மைச் சூழ்ந்த கடல்' என்னும் நூல் இவர் புகழை எங்கும் பரப்பியது. ஆறுகள் கொணரும் மண்ணும், எரிமலைச் சாம்பலும், நுண்ணுயிர்களின் ஓடுகளும் இடையறாது கீழிறங்கிக் கடலடியில் வண்டலாய்ப் படிவதை அந்நூலில் விளக்கினார். நிலவுலகின் வரலாறு அவ்வண்டலில் அடுக்கடுக்காகப் பொதிந்துள்ளது என்பதே அவர் கண்ட உண்மை. மனிதர் விடும் நஞ்சும் அவ்வாறே அங்குப் படியுமன்றோ? அணுக்கழிவைக் கடலில் கொட்டுவதன் தீங்கை, 1961இல் அந்நூலின் மறுபதிப்பு முன்னுரையில் எடுத்துக் காட்டினார்.

மறு ஆண்டு 'மௌன வசந்தம்' வெளிவந்தது. டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகள் எளிதில் அழியா; மண்ணிலும் நீரிலும் சேர்ந்து, உயிர்களின் கொழுப்பில் தங்கி, ஒன்றையொன்று உண்ணுந்தோறும் பெருகும் என்று அந்நூல் நிறுவியது. இரசாயன ஆலையார் வெகுண்டெழுந்து அவரைப் பழித்தனர். புற்றுநோய் உடலை அரித்த நிலையிலும் அவர் பின்வாங்கவில்லை. 1963ஆம் ஆண்டு சூன் திங்களில் அமெரிக்க மேலவைக் குழுவின்முன் சான்று கூறினார். 1964ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள், தம் 56ஆம் அகவையில் மறைந்தார். எட்டாண்டுகள் கழித்து, 1972இல், அந்நாடு டி.டி.டி.யின் பயன்பாட்டைப் பெரும்பாலும் தடை செய்தது. அதனைக் காண அவர் இல்லை.

தடை வந்தது, நஞ்சு போகவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரையொட்டிய ஆலையொன்று 1970களின் தொடக்கம்வரை டி.டி.டி. கழிவைச் சாக்கடைக் குழாய் வழியே கடலில் விட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்நஞ்சு பாலோஸ் வெர்டெஸ் முனையருகே கடலடி வண்டலில் தங்கியிருக்கிறது. வண்டலிலுள்ள புழுவை மீன் உண்ண, மீனைக் கூழைக்கடா உண்ண, அப்பறவைகளின் முட்டையோடு மெலிந்து உடைந்தது. 1970இல் அனகாப்பா தீவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கூடுகளில் பிழைத்தது ஒரேயொரு குஞ்சுதான்!

மாணவர்களே! திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தருகே நிற்பவர் கண்ணுக்குக் கடல் புலப்படாது. ஆயினும் அம்மாவட்டத்துச் சாத்தனூர் அணையைக் கடந்து செல்லும் தென்பெண்ணை, கடலூரருகே வங்கக் கடலில் கலக்கிறது. சற்றுத் தெற்கே, பரங்கிப்பேட்டையருகே கடல் சேரும் வெள்ளாற்றின் நீரிலும் வண்டலிலும் பூச்சிக்கொல்லிகளின் எச்சத்தை ஆய்வாளர் கண்டுள்ளனர். வயலில் தெளிப்பதும் ஆலை ஆற்றில் விடுவதும் ஒருநாள் கடலடி சேரும். அங்கிருந்து மீள எடுப்பது எளிதன்று. விடாது காப்பதே அறிவுடைமை.